என் பேர்ல ஒரு இரும்புக் கம்பெனி

எழுதுங்க ஐயா. மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டுட்டு ஆரம்பிங்க. கலெக்டர் மனுவுல அதெல்லாம் போடக்கூடாதா? சரி, நீங்க போட வேணாம். நான் மனசுல போட்டுக்கறேன்.

என் பேரு அஞ்சலாட்சி. கலியபெருமாள் பொண்டாட்டி. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, அதனால காலஞ்சென்றன்னு முன்னாடி சேர்த்துக்குங்க. ஊரு பண்ருட்டிப் பக்கம். தொழில் முந்திரிக்கொட்டை உடைக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க. ஏன்னா கம்ப்யூட்டர்ல நான் இரும்புக் கம்பெனி முதலாளின்னு இருக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. முதல்ல எல்லாரும் சிரிக்கத்தான் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு எழுதுங்க, நான் இந்த மரத்தடியிலதான் உக்காந்திருக்கப் போறேன்.

இன்னொண்ணு. கலெக்டர் ஆபீஸ் கேட்டுல நிக்குதே அந்தப் போலீஸ்காரப் பொண்ணு, என் தண்ணி பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்குது. மண்ணெண்ணெய் கொண்டாந்திருக்கேனான்னு. திங்கக்கிழமை மனு கொடுக்க வர்ற எல்லாரையும் பார்க்கிறதுதானாம். “ஏம்மா, என்னைப் பார்த்தா கொளுத்திக்கிறவ மாதிரியா இருக்கு?”ன்னு கேட்டேன். “எல்லாரும் இதையேதான் சொல்றீங்கக்கா”ங்குது. நான் எதுக்கு ஐயா கொளுத்திக்கணும்? செஞ்சவன் எங்கயோ உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கான், நான் எரியணுமா? இதை எழுதாதீங்க. எழுதினாலும் நல்லாத்தான் இருக்கும், ஆனா எழுதாதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். பொம்பளைங்களுக்கு மாசாமாசம் ஆயிரம் ரூபா வருதே, அது எனக்கும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆடி மாசம் நின்னு போச்சு. சரி, கவர்மென்டுக்கும் கை வறண்டிருக்கும்னு ஒரு மாசம் பொறுத்தேன். மறு மாசமும் வரலை. முந்திரி உடைக்கிற எங்க கொட்டாயில மத்தவளுங்களுக்கெல்லாம் வருது, எனக்கு மட்டும் இல்லை. இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டுக்கிட்டு, என் கார்டைத் தட்டிப் பார்த்துட்டு என்னை மேலயும் கீழயும் பார்க்குது.

“அக்கா, நீங்க ஜிஎஸ்டி கட்டறவங்க. உங்களுக்கு இது வராது.”

“நான் என்னத்தக் கட்டறேன்?”

“வரிக்கா, வரி. உங்களுக்கு பிசினஸ் இருக்கு. அஞ்சலாட்சி மெட்டல் டிரேடர்ஸ். சென்னையில. பழைய இரும்பு வாங்கி விக்கிறீங்க.”

நான் சென்னைக்குப் போனதே ஒரு தடவைதான். எங்க வீட்டுக்காரரு வயித்தைக் காட்ட பெரியாஸ்பத்திரிக்கு. அங்க நான் வித்தது என் கம்மலை. இரும்பு எப்ப வித்தேன்? போன வருசம் கோடிக்கணக்குல வியாபாரமாம். எத்தனை கோடின்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சைபரை விரல் விட்டு எண்ணிட்டு, “வேணாம்க்கா, உங்களுக்கு மயக்கம் வந்துடும்”னுச்சு.

மயக்கமெல்லாம் வரலை. கோவம்தான் வந்துச்சு. உள்ளதைச் சொன்னா, கோவத்துக்கு முன்னாடி ஒரு நிமிசம் ஒரு மாதிரி நல்லாவும் இருந்துச்சு. என் பேரை எவனோ ஒருத்தன் போர்டுல எழுதி மாட்டியிருக்கான் பாருங்க. எங்க வீட்டுக்காரரு பலாப்பழ லாரியில லோடு ஏத்தி ஏத்திக் கட்டின வீடு அது, அதுல கூட என் பேரு இல்லாமத்தான் இருந்துச்சு, அவரு செத்தப்புறம்தான் என் பேருக்கு மாத்தினாங்க.

மாத்திக் கொடுத்தது என் தம்பி. அவனைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதிக்குங்க. மனுவுக்குத் தேவையில்லையா? தேவையில்லைன்னாலும் கேட்டுக்குங்க.

ராஜவேலு. எனக்கும் அவனுக்கும் நடுவுல ரெண்டு பொறந்து தங்கலை, அதனால அவனை நான்தான் இடுப்புல வெச்சு வளர்த்தேன். பண்ருட்டியில ஒரு ஆடிட்டருகிட்ட பைல் தூக்கிக்கிட்டு இருந்தான். இப்ப பஸ் ஸ்டாண்டுக்கு எதிர மாடியில தனியா ஆபீஸ் வெச்சிருக்கான். பட்டா, லைசென்சு, லோனு, வரி, எதுன்னாலும் அவன்கிட்ட போனா முடிஞ்சிடும். என் பான் கார்டு அவன் எடுத்துக் கொடுத்ததுதான். என் பொண்ணு இலக்கியா கல்யாணத்துக்கு பேங்குல கேட்டாலும் கேப்பாங்கன்னு எடுத்தான். எங்கிட்ட இருந்தா எலி கடிச்சிடும்னு பத்திரமா அவனே வெச்சிருக்கான்.

போன் வாங்கித் தரேன்னு எத்தனையோ தடவை கேட்டான். எனக்கெதுக்குடா போனு, உன் நம்பர் இருக்கில்லன்னுட்டேன்.

அந்தக் கல்யாணத்துக்கு அவன் வெச்ச சீரைப் பார்த்திருக்கணும் நீங்க! தை மாசம். தாய்மாமன் சீருன்னா ஊருல ஏழு தட்டு, ஒன்பது தட்டு வைப்பாங்க. இவன் ரெண்டு டாட்டா ஏசு நிறையக் கொண்டாந்தான். முன்னாடி நாதஸ்வரம், பின்னாடி வேட்டு. பிரிட்ஜு, பீரோ, வெள்ளிக் குடம். எங்க கொட்டாயி பொம்பளைங்க கொளஞ்சி, அவ இவ எல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையா நடக்கிறாளுங்க, நடக்கும்போதே தட்டுல என்ன இருக்குன்னு எட்டி எட்டிப் பார்க்கிறாளுங்க. கடைசியில அவன் கையால ஒரு சங்கிலி எடுத்து இலக்கியா கழுத்துல போட்டான். அஞ்சு பவுனு. சம்பந்தி வீட்டுல வாயடைச்சுப் போனாங்க. புருசன் இல்லாதவ பொண்ணுன்னு அதுக்கு முன்னாடி லேசா ஒரு பேச்சு இருந்துச்சு. அந்தப் பேச்சு அன்னியோட போச்சு. இந்தப் பொம்பளை என்னத்துக்கு இதையெல்லாம் சொல்லுதுன்னு பார்க்கிறீங்க. சும்மாதான் சொன்னேன். எழுதாதீங்க.

அந்தப் பேப்பர்ல கம்பெனி எப்ப ஆரம்பிச்சதா போட்டிருக்கு? கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசியா. ஆமா, வரி ஆபீசரும் அப்படித்தான் சொன்னாரு.

சரி, இ-சேவையில இருந்து வந்து தம்பிக்குப் போன் பண்ணச் சொன்னேன், பக்கத்து வீட்டு மருமககிட்ட. உடனே எடுத்தான். “அக்கா, பயப்படாதே. இது மோசடிக் கும்பல் வேலை. ஊரெல்லாம் நடக்குது. வரி ஆபீஸ்லேர்ந்து வர்றோம்னு எவனாவது வருவான், கார்டைக் கேப்பான், நம்பரைக் கேப்பான். எதையும் காட்டாதே. ஜெராக்ஸ் கொடுத்தாலும் குறுக்க ரெண்டு கோடு போட்டு எதுக்குக் கொடுக்கிறேன்னு எழுதச் சொல்லு. லெட்டர் வந்தா என்கிட்ட கொடு, நான் பார்த்துக்கறேன்”னான். வந்த லெட்டரையெல்லாம் அவன்கிட்டதான் கொடுத்தேன். எல்லாம் போலின்னு என் கண்ணு முன்னாடியே கிழிச்சான்.

அவன் சொன்னதை நான் எப்படிக் கடைப்பிடிச்சேன் தெரியுமா? கேஸ் சிலிண்டர்காரன் நம்பர் கேட்டான், தெருவுல நிக்க வெச்சுத் திட்டினேன். பேங்கு மேனேஜரு கார்டு கேட்டாரு, “எதுக்கு, எழுதிக் கொடு”ன்னேன். அந்த மனுசன் பேந்தப் பேந்த முழிச்சாரு. எங்க கொட்டாயில ஒருத்திகிட்டயும் எவனும் ஒரு நம்பர் வாங்க முடியாது. அப்படிப் பழக்கி வெச்சிருந்தேன்.

அப்புறம்தான் அந்த ஒல்லிக்குச்சி வந்துச்சு.

புரட்டாசி மாசம். நாங்க கொட்டை உடைச்சுக்கிட்டு இருக்கோம். ஜீப்புல வந்து இறங்குறான். வெள்ளைச் சட்டை, தோள்ல பை. “அஞ்சலாட்சி மெட்டல் டிரேடர்ஸ் உரிமையாளர் யாரு?”ங்கிறான். அங்க பன்னண்டு பொம்பளைங்க சாம்பலும் கையுமா உக்காந்திருக்கோம். முந்திரி எண்ணெய் கையில பட்டா வெந்துடும் ஐயா, அதனால சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். கொளஞ்சி சத்தமா, “மொதலாளியம்மா, உன்னைத் தேடி மாப்பிள்ளை வந்திருக்கு”ங்கிறா. ஒரே சிரிப்பு.

அந்த ஆளு சிரிக்கலை. “உங்க ஆதார், பான் கார்டைக் காட்டுங்கம்மா. போன் நம்பர் சொல்லுங்க”ன்னான்.

அவ்வளவுதான். “வந்துட்டான்டி திருடன்!”னு கத்தினேன். கொளஞ்சி உடைக்கிற கட்டையைத் தூக்கிட்டா. சுத்தி வளைச்சுட்டோம். அந்த ஆளு கழுத்துல மாட்டியிருந்த அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டுறான். “அட்டையென்னடா அட்டை? என் அட்டையை வெச்சுக்கிட்டு எவனோ முதலாளியா இருக்கான். உன் அட்டையை நான் எப்படி நம்பறது?”ன்னேன். சட்டையைப் பிடிச்சது யாருன்னு தெரியாது. ஜீப்புல ஏறும்போது முதுகு பூரா சாம்பல் கை. தம்பிகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சான். “சபாஷ்க்கா, இனிமே ஒருத்தனும் வரமாட்டான்”னான்.

ஆனா வந்துச்சே. லெட்டர் இல்லை, வீட்டுக் கதவுலயே ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லலைன்னா வீட்டை ஜப்தி பண்ணுவாங்களாம். தெருவே நின்னு படிக்குது. தம்பிக்குப் போன் போட்டா எடுக்கலை. மறுநாளும் எடுக்கலை. வேலையா இருப்பான் பாவம். ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. சரின்னு நானே கடலூருக்கு பஸ் ஏறி வரி ஆபீசுக்குப் போனேன்.

போனா, நாற்காலியில அதே ஒல்லிக்குச்சி!

என்னைப் பார்த்ததும் சட்டை காலரைத் தடவிக்கிச்சு. நல்ல புள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். உக்காருங்கம்மான்னுச்சு. டீ சொல்லுச்சு. நான் உக்காரலை. நான் ஒரே ஒரு கேள்வி கேக்கத்தான் போனேன். பஸ்ல வரும்போதே மனசுல அடுக்கி வெச்சுக்கிட்டுதான் போனேன்.

ரெண்டு கையையும் மேசை மேல விரிச்சு வெச்சேன். “பாருங்க சார். இந்த விரல்ல ஒரு கோடு இருக்கா? பதினஞ்சு வயசுல கொட்டை உடைக்க உக்காந்தவ, எல்லாம் வெந்து வழுவழுன்னு ஆயிடுச்சு. ரேசன் கடை மெஷின்ல என் ரேகை விழாது. இலக்கியா இருந்த வரைக்கும் அவ விரல் வெச்சா, அவ கட்டிக்கிட்டுப் போனப்புறம் கண்ணைக் காட்டி அரிசி வாங்குறேன். பத்து கிலோ அரிசிக்கே விழாத ரேகை, பல கோடிக் கம்பெனிக்கு எப்படி விழுந்துச்சு? சொல்லுங்க.”

ஆபீசே நிமிர்ந்து பார்த்துச்சு ஐயா. மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன்.

அந்தப் புள்ள மெதுவாச் சொல்லுச்சு. “அம்மா, இதுக்கு ரேகை வேணாம். உங்க ஆதார்ல இருக்கிற போனுக்கு ஓடிபின்னு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னாப் போதும்.”

“எனக்குத்தான் போனே இல்லையே.”

“யாரோ ஒருத்தர் போனுக்குப் போயிருக்கும்மா. அது யாரு நம்பர்னு ஒரு புகார் எழுதிக் கொடுங்க. கலெக்டர்கிட்ட ஒண்ணு, போலீசுல ஒண்ணு. நீங்க பண்ணலைன்னு நிரூபிக்க அதுதான் வழி. அந்தப் பேரு இல்லாம நாங்க எதுவும் செய்ய முடியாது.”

கம்பெனி விவரம்னு அந்தப் புள்ள கொடுத்த பேப்பர்தான், நீங்க காத்துல பறக்காம முட்டிக்குக் கீழ வெச்சிருக்கீங்களே, அது.

எழுதிட்டீங்களா இதுவரைக்கும்? படிங்க. ம். ம். “அடையாளம் தெரியாத நபர்கள்”, நல்லாருக்கு. அப்படியே இருக்கட்டும். அடையாளம் தெரியாத நபர்கள் என் பேரைத் திருடி மோசடி செஞ்சுட்டாங்க, என் வீட்டைக் காப்பாத்துங்க, இப்படிக்கு. முடிச்சுடுங்க.

என்ன? ஆதார்ல கொடுத்த போன் நம்பரா? அது வேணுமா? மனு நிக்காதா அது இல்லாம? எழுதிக்குங்க. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஒன்பது, நாலு, நாலு, மூணு...

ஏன் பேனா நின்னு போச்சு?

எதுக்குப் பேப்பரை எடுத்து என் பக்கம் திருப்பறீங்க? எதுக்கு அதுல இருக்கிற போன் நம்பர் மேல விரலை வெச்சுக் காட்டறீங்க? எனக்கு எழுத்துதான் தெரியாது. நம்பரு தெரியும். பஸ் நம்பரு பார்த்து ஏறத் தெரிஞ்சவதான் நான்.

பார்த்துட்டேன் ஐயா. அந்தப் புள்ள பேப்பரை நீட்டினப்பவே பார்த்துட்டேன். பார்த்துட்டு டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

என்ன செய்யச் சொல்றீங்க? அந்த நம்பருக்குத்தான் ஐயா எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கண்ணை மூடினப்ப முதல்ல போன் பண்ணச் சொன்னேன். ராத்திரின்னும் பார்க்காம வந்து பொணத்தை ஊருக்குக் கொண்டாந்து சேர்த்தவன். போன் தொலைஞ்சிருக்கலாம். ஆபீசுக்கு வர்ற எவனாவது எடுத்துப் பார்த்திருக்கலாம். அந்த ஆடிட்டரு இருக்கானே, அவனே செஞ்சிருக்கலாம். என் தம்பி பேரை எங்கயும் எழுதாதீங்க. நான் ஒருத்தி போறேன், வீடு போறதுன்னா போகட்டும், சுவத்தையா கட்டிக்கிட்டு அழப் போறேன்?

அப்படித்தான் பஸ்ல வரும்போது நினைச்சுக்கிட்டு வந்தேன்.

அதோ, குழாயடியில முந்தானையால முகம் துடைச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, பச்சைப் புடவை. அவதான் கொளஞ்சி. எனக்குத் துணைக்கு வந்திருக்கா. இன்னிக்கு வேலையை விட்டுட்டு, கூலியை விட்டுட்டு வந்திருக்கா. பஸ்ல ஜன்னலோரத்துல உக்காந்துக்கிட்டு என்கிட்ட சாதாரணமா சொல்றா, “அக்கா, எனக்கும் இந்த மாசம் ஆயிரம் வரலைக்கா. அடுத்த மாசம் சேர்த்துப் போடுவாங்க போல.”

ஏன் வரலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஆதார் எடுக்க கொட்டாய்க்கே வந்தாங்க ஐயா, அப்ப. போன் நம்பர் சொல்லுங்கன்னான் மெஷின்காரன். எங்கள்ல எவகிட்டயும் போன் இல்லை. புருசன் நம்பரைக் கொடுத்தா, அவன் குடிக்கிறதுக்கு சிம்மோட போனை வித்துடுவான். நான் எழுந்திருச்சு, “என் தம்பி நம்பரைப் போடுங்கடி. அவன் நம்பரு மாறாது”ன்னேன். பன்னண்டு பேருக்கும் ஒரே நம்பரு. கொளஞ்சிக்குச் சரியாச் சொல்ல வரலைன்னு அவளுக்காக நானே சொன்னேன். அன்னிக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கொளஞ்சிக்குப் புருசனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒரு ஓட்டு வீடு இருக்கு. நாளைக்கு அவ கதவுல வந்து ஒட்டுவாங்க. அவளும் என்னத்தையாவது முதலாளியாத்தான் இருப்பா, சிமெண்டோ, துணியோ. அவ என்னை மாதிரி ஆபீஸ்ல போய்க் கையை விரிச்சு வைக்க மாட்டா. அவ பாட்டிலைத்தான் அந்தப் போலீஸ்காரப் பொண்ணு மோந்து பார்க்கணும்.

பேனாவை எடுங்க.

அடையாளம் தெரியாத நபர்களை அடிங்க. நல்லா அடிங்க, ரெண்டு கோடா. இப்ப எழுதுங்க. என் ஆதார்ல உள்ள போன் நம்பர் என் உடன்பிறந்த தம்பி ராஜவேலுவுடையது. அவன் செஞ்சான்னு எழுதாதீங்க. நம்பரு அவனோடதுன்னு எழுதுங்க. செய்யலைன்னா அவன் வந்து என் எதிர நின்னு சொல்லட்டும், அந்த ஒல்லிக்குச்சி முன்னாடியும் சொல்லட்டும். அவன் சொன்னா நான் நம்புவேன். இப்பவும் நம்புவேன். ஆனா அவன் வந்து சொல்லணும். போனை எடுக்காம இருக்கக் கூடாது.

பான் கார்டு அவன்கிட்ட இருக்கு, அதையும் எழுதுங்க. லெட்டரைக் கிழிச்சதையும் எழுதுங்க. சங்கிலியையா? யோசிக்கிறீங்க, கேக்க வாய் வரலை உங்களுக்கு. எழுதுங்க. அஞ்சு பவுனு, தாய்மாமன் சீரு, தை மாசம். வந்து கேட்டா என்கிட்ட கேக்கட்டும், நான் கழட்டி வாங்கித் தரேன். சம்பந்தி வீட்டு வாசல்ல ஜீப்பு நிக்கக் கூடாது. அதை ஒரு வேண்டுகோளா கீழ தனியா எழுதிடுங்க. நான் திருடின ஆளு இல்லை, தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேக்கலை, சொல்றேன்.

கையெழுத்து வராது. மையைக் கொடுங்க.

என்ன பார்க்கிறீங்க? ரேகை விழலையா? திரும்ப வெக்கணுமா? எத்தனை தடவை வெச்சாலும் இப்படித்தான் ஐயா விழும். நீல மை, நடுவுல ஒண்ணுமில்லாம. செல்லாதுன்னு எவனாவது சொன்னா என்னைக் கூப்பிடுங்க, நேர்ல வந்து விரலைக் காட்டறேன். என் பேரை எவன் வேணா எழுதிக்கலாம், என் நம்பரை எவன் வேணா சொல்லிக்கலாம். இந்த மாதிரி ஒரு ரேகையை எவனாவது வெச்சுக் காட்டட்டும், பார்க்கறேன்.

உங்க காசு இந்தாங்க. எழுந்திரிக்காதீங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. வெள்ளைப் பேப்பர் எடுங்க.

ஏ கொளஞ்சி! மூஞ்சி கழுவினது போதும், இங்க வாடி. வந்து ஐயாகிட்ட உக்காரு. உனக்கும் ஒரு மனு எழுதணும். உன் பேரை நீ சொல்லு. நம்பரை நான் சொல்றேன்.